பள்ளத்துப் பதினோரு மரங்கள்

அவளுக்கு வண்டக்கா என்று பேர் விழுந்தது ஒரு சட்டையால்.

வன அலுவலகத்தில் களப் பணியாளராகச் சேர்ந்த முதல் வருடம் அது. ஊரைத் தாண்டியதும் தொடங்கும் பைன் காடு முழுவதும் அரசாங்கப் பாதுகாப்பில் இருந்தது. மரப்பட்டையைத் துளைக்கும் வண்டு எவ்வளவு பறக்கிறது என்று கணக்கெடுக்க அங்கே முப்பத்தாறு பொறிகள் வைத்திருந்தார்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில், தபால் பெட்டி அகலத்தில், பக்கமெல்லாம் கீறல் கீறலாகத் திறப்பு வைத்த பொறிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாசனைப் பொட்டலம் தொங்கும். காட்டில் ஓர் ஆண் வண்டு நல்ல மரமாகப் பார்த்துத் துளைபோட்டு உட்கார்ந்துவிட்டால், இடம் இருக்கிறது, எல்லாரும் வாருங்கள் என்று ஊரைக் கூட்டுவதற்கு ஒரு வாசனையை விடும். பொட்டலத்தில் இருப்பது அதே வாசனைதான், ஆய்வகத்தில் செய்தது. அதில் ஒன்று அன்றைக்கு அவள் சட்டைப் பையில் உடைந்து ஊறிவிட்டது. மனித மூக்குக்கு லேசான பிசின் வாடை, அவ்வளவுதான். அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், துவைத்து மூன்றாம் மாடி பால்கனிக் கொடியில் காயப்போட்டாள்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் வெள்ளைச் சட்டை பழுப்பாகிக் கிடக்கிறது. அரிசிமணி அளவு வண்டுகள், காலரிலிருந்து கைமடிப்பு வரை இடைவெளியில்லாமல் அப்பிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டுப் பெண் குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். எதிர்க் கட்டடத்தில் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். அவள் கணவன் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சொந்தக்காரங்க வரலையே!"

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் வண்டக்கா. அலுவலகத்துக்கும் அந்தப் பேர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக வருகிற ரேஞ்சர்கள்கூட இரண்டாம் வாரத்தில் "வண்டக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

கணவன் மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டுகிறவன். மில்லுக்கு வருவது வேறெங்கோ தோப்புகளில் வளர்த்த மரம். இந்தக் காட்டிலிருந்து ஒரு குச்சிகூட அங்கே போகாது. இருந்தாலும் அவன் விடமாட்டான். "நீ காப்பாத்துற, நான் அறுக்குறேன். ஆனா சாயந்தரம் ரெண்டு பேர் தலையிலயும் ஒரே மரத்தூள்தான்" என்பான். உண்மைதான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருவரையும் வாசலிலேயே நிறுத்தி, தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

குளிர் விட்டதிலிருந்து இலையுதிர் காலம் வரை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவளுக்குப் பொறி நாள். பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. ஒவ்வொரு பொறியின் அடித்தட்டையும் உருவி, வண்டுகளை அளவுக் குழாயில் கொட்டுவாள். ஒரு மில்லிக்கு நாற்பது வண்டு என்று கணக்கு. குறித்துக்கொண்டு அடுத்த பொறிக்கு நகர்வாள். அந்தக் கூட்டத்தில் சில சமயம் கறுப்பும் சிவப்புமாக, எறும்பு மாதிரி விறுவிறுவென்று ஓடும் வேறொரு பூச்சி மாட்டியிருக்கும். பட்டை வண்டைப் பிடித்துத் தின்பது அதன் பிழைப்பு. இரை விடுகிற வாசனையை மோந்து வந்து தானும் அகப்பட்டுக்கொள்ளும். அதை மட்டும் இரண்டு விரலால் எடுத்துப் பக்கத்து மரத்தில் விடுவாள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை.

இருபது வருட நடையில் காடு அவளுக்குக் காதாலேயே அத்துப்படி ஆகியிருந்தது. உச்சியில் கிச்சுக் கிச்சென்று பேசிக்கொண்டே பைன் காயை உரிப்பது குறுக்கலகுக் குருவி. அதன் மேலலகும் கீழலகும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று தாண்டி நிற்கும், செதிலைப் பிளந்து விதையை எடுக்க அதுதான் வசதி. காயைக் கடித்துத் துப்புகிற சத்தம் கேட்டால் அணில். காய்ந்த கதவை யாரோ அவசரமாகத் தட்டுவதுபோல் கேட்டால் கறுப்பு மரங்கொத்தி. எறும்புகள் பைன் ஊசிகளைக் குவித்து இடுப்பு உயரத்துக்குப் புற்று கட்டியிருக்கும் இடங்களில் நின்று குனிந்தால், சின்ன மழை பெய்வது மாதிரி ஒரு சரசரப்புக் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அங்கே ஒரு நிமிடம் நிற்பாள்.

ஆந்தையைக் கண்டுபிடித்ததும் காதால்தான்.

காட்டின் வெளிவட்டத்தில், கிண்ணம் மாதிரிக் குழிந்த ஒரு பள்ளம் உண்டு. முதிர்ந்த மரங்களாக நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அந்த வழியாகத் திரும்பும்போது, வேளை கெட்ட வேளையில் ஒரு மென்மையான கூவல் கேட்டது. குரல் வந்த மரத்தில், மூன்றாள் உயரத்தில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்து. அடிமரத்தை நகத்தால் சுரண்டினாள். மரநாய் ஏறுகிறதோ என்று பார்ப்பதற்காக, ஆச்சரியப்பட்ட குழந்தை மாதிரி ஒரு வட்ட முகம் பொந்து வாயை நிறைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தது. இரண்டு கை சேர்த்தால் அடங்கிவிடுகிற ஆந்தை. முப்பது வருடமாக அந்தக் காட்டில் கூடு கட்டியதாகப் பதிவே இல்லாத பறவை.

அவள் எழுதிய அறிக்கை மூன்று பக்கம். மரத்தின் சுற்றளவு, பொந்தின் உயரம், ஆந்தை துப்பி அடியில் கிடந்த எலி மயிர் உருண்டைகள் எத்தனை என்பது வரை எழுதினாள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தது. பள்ளம் முழுவதையும் உள்வட்டத்தில் சேர்த்தார்கள். உள்வட்டம் என்றால் எந்த மனிதக் கையும் படக் கூடாது. விழுந்த மரத்தைக்கூட நகர்த்தக் கூடாது. விழா வைத்து அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கணவன் அதற்கு மில்லில் கிடைத்த துண்டுப் பலகையில் சட்டம் செய்து, தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினான். "டீவியில நல்லதா எதுவும் வரலன்னா இதப் பாக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகு ஆறாவது வருடம் மழை சரியில்லை. ஏழாவது வருடம் மழையே இல்லை.

பைன் மரத்துக்கு வண்டை எதிர்க்க ஒரே ஆயுதம் பிசின். ஒரு வண்டு துளைத்தால் அந்தத் துளையில் பிசினைத் தள்ளி அதை மூழ்கடித்துவிடும். நூறு வண்டு வந்தாலும் நல்ல மரம் சமாளிக்கும். ஆனால் பிசின் ஊறத் தண்ணீர் வேண்டும். அந்த வருடம் மரங்களில் காய் மட்டும் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. பார்வையாளர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். "இந்த வருஷம் காடு செழிப்பா இருக்கு, இல்லையா?" என்று ஒருவர் அவளிடம் கேட்டார். சாகப்போகிற பயத்தில் மரம் காய்த்துக் கொட்டுகிறது என்று அவள் அவரிடம் எப்படிச் சொல்வாள்? தலையை ஆட்டிவைத்தாள்.

வசந்தத்தின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளத்துக்குப் பக்கத்துப் பொறியில் அளவுக் குழாய் போதவில்லை. நான்கு தடவை நிரப்பிக் கொட்டினாள். பொறியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா மரமும் பச்சையாகத்தான் நின்றன. கிட்டப்போய்ப் பட்டையின் வெடிப்புகளைப் பார்த்தாள். மூக்குப்பொடி தூவினது மாதிரி பழுப்புத் தூள். சிலந்தி வலையிலும் அதே தூள். சில துளைகளில் மட்டும் பிசின், சோளப்பொரி அளவுக்கு வந்து உறைந்து நின்றுபோயிருந்தது. அந்த மரங்கள் போராடிப் பார்த்திருக்கின்றன. கத்தியால் ஒரு துண்டுப் பட்டையைப் பெயர்த்தாள். உள்ளே தாய் வண்டுகள் தோண்டிய சுரங்கமும், அதன் இரண்டு பக்கமும் வரிசையாக முட்டைகளும். பட்டைக்குக் கீழே மரம் ஏற்கனவே நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. வண்டு தன் உடம்பில் சுமந்து வரும் ஒரு பூஞ்சை அது. தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். பச்சையாக நிற்கிற அந்த மரங்கள் செத்துப்போனது அந்த மரங்களுக்கே இன்னும் தெரியாது.

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. நடுவில், இன்னும் துளை விழாமல், ஆந்தை மரம்.

ஓட்டமும் நடையுமாக அலுவலகம் வந்தாள். ரேஞ்சர் சின்ன வயதுக்காரர். நல்ல மனிதர். மேஜை நிறைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை அதன் ஓரத்தில் சாப்பிடுகிறவர்.

"சார், பதினோரு மரம். இன்னும் ஆறேழு வாரத்துல குஞ்சு வண்டு பொரிஞ்சு பறந்துரும். அதுக்குள்ள வெட்டிப் பட்டையை உரிச்சுட்டா இதோட போச்சு. விட்டா முந்நூறு, நானூறு மரம் ஆயிடும் சார்."

ரேஞ்சர் டப்பாவை மூடினார். "எந்த இடம்கா?"

"ஆந்தைப் பள்ளம்."

அவர் டப்பாவை ஓரமாகத் தள்ளினார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவந்து விரித்தார். முதல் மூன்று பக்கம் அவளுடைய கையெழுத்து. குண்டு குண்டாய், கோடு தாண்டாமல், அவள் பெருமையாக எழுதிய அதே மூன்று பக்கம்.

"உள்வட்டம்கா. ரம்பம் போக முடியாது. வெளிவட்டமா இருந்திருந்தா நாளைக்கே ஆள் அனுப்பிடுவேன். இத உள்வட்டம் ஆக்குனதே நீங்க எழுதுனத வெச்சுத்தான்."

அவர் குத்திக்காட்டவில்லை, இருந்ததைச் சொன்னார். அவள்தான் அந்த மூன்று பக்கத்தையும் மூடிவைத்தாள்.

தலைமை அலுவலகத்துக்கு அன்றைக்கே கடிதம் போனது. பத்து நாள் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால், குழு கூடவேண்டும், குழுவின் தலைவர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். பதினோராவது நாள் ரேஞ்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். ஆந்தை இந்த வருஷம் அங்க இருக்குதா?"

"போன வருஷம் இருந்துச்சு சார். இந்த வருஷம் நான் இன்னும் பாக்கல. கூடு வெக்கிற சமயம்னு மரத்தச் சுரண்டிப் பாக்கல."

"இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா, கூடு காலின்னு காட்டி அவசர அனுமதி வாங்கிடலாம். ஒரு வாரம் போதும். நீங்க எழுதுனா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

"இருந்தா?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவள் அப்போதே கிளம்பிப் போனாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு: இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது. பொந்து இருண்டு கிடக்கட்டும், வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கட்டும். ஏழு வருடமாக எந்த முகத்தைப் பார்க்க ஒவ்வொரு வசந்தத்திலும் ஆசையாக அந்தப் பள்ளத்தில் இறங்கினாளோ, அது இல்லாமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனாள். அப்படி வேண்டுவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டினாள்.

மரத்தடியில் நின்று சுரண்டினாள். ஒன்றுமில்லை. காத்திருந்தாள். ஒரு கணம் மனசு லேசானது. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகச் சுரண்டினாள்.

வட்ட முகம் எட்டிப்பார்த்தது. அந்த மஞ்சள் கண்கள் அவளையே குனிந்து பார்த்தன. உள்ளேயிருந்து, பசித்த குஞ்சுகளின் மெல்லிய கிறீச்சொலி.

அவள் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் பதினோரு மரமும் பச்சையாக, அமைதியாக நின்றன. காதைப் பட்டையில் வைத்தால் உள்ளே மெல்லுகிற சத்தம் கேட்கும். எழுந்துபோய், துளை விழுந்த ஒரு மரத்தில் வைத்துக் கேட்டாள்.

ரேஞ்சரிடம் வந்து, "இருக்கு சார். குஞ்சும் இருக்கு" என்றாள். அவர் "சரிக்கா" என்றார். பொய் எழுதினால்தான் என்ன என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரம்பச் சத்தத்தில் தாய் பறந்துவிடும், குஞ்சுகள் பொந்துக்குள்ளேயே காய்ந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் மூன்றாவது தடவையாக ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இங்க பாரு. மில்லுல பழைய கை ரம்பம் ஒண்ணு இருக்கு. சத்தம் வராது. ரெண்டு பேரும் போனா ரெண்டு நாள்ல முடிச்சுரலாம்."

"மரம் விழுற சத்தம்?"

அவன் யோசித்தான். மரம் விழுகிற சத்தத்தை அவனுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? "ஆமா, அது கேக்கும்" என்றான்.

"அந்தக் காட்டுல ஒரு கொம்ப ஒடிச்சவன நான் புடிச்சுக் குடுத்திருக்கேங்க. எழுபது வயசுக்காரர். குளிருக்கு அடுப்பெரிக்க எடுத்தேன்னார். விடலயே நான்."

"அது வேற, இது வேற."

"எனக்கு வேறயாத் தெரியல."

அவன் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துடைத்து அடுக்கினான்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை. மில்லில் பட்டை சீவுகிற இரும்பு ஒன்றைக் கணவனிடம் வாங்கிக்கொண்டு, புதன்கிழமை பள்ளத்துக்குப் போனாள். மரத்தை விழவைக்காமல், நின்றபடியே பட்டையை உரித்தால் சத்தம் வராது. பட்டை போனால் புழுவும் போகும். ஆந்தை மரத்துக்குத் தூரத்தில் இருந்த ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். இதுவும் உள்வட்டத்தில் குற்றம்தான். மரத்தை வெட்ட மாட்டேன் என்றவள் பட்டையை மட்டும் உரிக்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே உரித்தாள்.

நாலு மணி நேரம். தோள் கழன்றுபோனது. பட்டை பாளம் பாளமாக விழ, வெள்ளைப் புழுக்கள் அரிசி சிந்தின மாதிரி கொட்டின. எறும்புகள் வந்து இழுத்துப்போயின. கை எட்டின மட்டும் உரித்துவிட்டு, பின்னால் நகர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய எட்டடிக்கு மேலே இன்னும் அறுபதடி மரம். பட்டையோடு, வண்டோடு, அப்படியே. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மரங்கொத்தி உட்கார்ந்து அவள் செய்த அதே வேலையை, அவளைவிடச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தது. ஒரு மரங்கொத்தி, பதினோரு மரம். அதற்கும் ஒரு வயிறுதானே.

இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தாள். ரேஞ்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் சொல்லல" என்று அவர் வரைபடத்தைப் பார்த்தார்.

நான்காம் வாரம் ஒரு பேராசிரியை வந்தார். குழு அனுப்பிய நிபுணர். நரைத்த குட்டை முடி, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. வந்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்து, உரித்த பட்டையை லென்ஸில் பார்த்தார். அவளுடைய இருபது வருடத்துக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் முழுவதும் படித்தார். அப்படிப் படித்த முதல் ஆள் அவர்தான்.

"பிரமாதமான வேலைம்மா இது. நிஜமாவே சொல்றேன்."

"மரத்தை வெட்ட விடுவீங்களா மேடம்?"

பேராசிரியை லென்ஸை மடித்தார். "நான் வெட்டலாம்னு எழுதினாலும் குஞ்சு பறக்கிற வரைக்கும் விடமாட்டாங்க. நியாயம்தான். இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. வண்டும் இந்தக் காட்டுச் சொத்துதான். பெரிய மரம் செத்தா வெளிச்சம் விழும், விதை முளைக்கும். மரங்கொத்தி பெருகும், மரங்கொத்தி போட்ட பொந்துல ஆந்தை பெருகும். காடு சாகறதில்ல, மாறுது. எண்பது, நூறு வருஷத்துல பாத்தீங்கன்னா…"

"எனக்கு அம்பத்தி மூணு மேடம்" என்றாள் வண்டக்கா.

பேராசிரியை அவள் கையைப் பிடித்து, "தெரியுதும்மா. எனக்கும் அறுபது" என்றார். அவரிடம் கோபப்படவும் அவளுக்கு வழியில்லாமல் போனது.

ஏழாம் வாரம் குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று. பக்கத்துக் கிளையில் பஞ்சுருண்டை மாதிரி வரிசையாக உட்கார்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. வேறெந்த வருடமாக இருந்தாலும் அவள் அலுவலகத்துக்குத் தின்பண்டம் வாங்கிப் போயிருப்பாள். அதே வாரம், வெயில் ஏறின ஒரு காலையில், பதினோரு மரங்களின் பட்டையிலும் குண்டூசி துளைத்ததுபோல் புதுத் துளைகள். வெளியேறும் துளைகள். காற்றில் புகை மாதிரி ஏதோ அசைந்தது. சட்டையில் வந்து உட்கார்ந்த ஒன்றைத் தட்டிவிட்டாள். இன்னொன்று உட்கார்ந்தது. அதையும் தட்டினாள். பிறகு தட்டுவதை விட்டுவிட்டாள்.

எட்டாம் வாரம் உத்தரவு வந்தது. பதினோரு மரங்களைப் பதினைந்து நாளுக்குள் வெட்டி அகற்ற அனுமதி, தவறினால் விளக்கம் தரவேண்டும். ரேஞ்சர் அதைப் படித்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"இப்ப எதுக்கு சார்? கூடு காலி, மரமும் காலி."

"எழுதிப் பாத்தேன்கா. உத்தரவ மாத்த மறுபடி குழு கூடணுமாம்."

ஆகவே வெட்டினார்கள். ஆள் போதவில்லை என்று மில்லிலிருந்து கூட்டிவந்தார்கள். வந்த நாலு பேரில் ஒருவன் அவள் கணவன். வண்டு ஒன்றுகூட இல்லாத பதினோரு மரம், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. ஒவ்வொன்று விழும்போதும் அவன் அவள் இருக்கும் பக்கம் பார்க்காமல் வேலை செய்தான். வெட்டுமுகத்தில், வெளிவிளிம்பு சுற்றிலும், மை ஊற்றியது மாதிரி நீலம்.

கோடை முடிவதற்குள் பள்ளத்தைச் சுற்றி முந்நூற்று நாற்பது மரம் ஊசியிலை காய்ந்து சிவந்தது. அவள் தொட்டு எண்ணிய கடைசி எண்ணிக்கை அது. அடுத்த வருடம் சரிவு முழுக்கச் சிவந்து, பிறகு சாம்பலானது. சிவக்கும்வரை மரம் செத்தது ஊருக்குத் தெரியாது. தெரிந்தபோது பத்திரிகையில் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். வன அலுவலகம் தூங்கிவிட்டது என்றார்கள். கடைக்குப் போன இடத்தில் ஒரு பெண் அவளிடமே, "நீங்கல்லாம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அங்க போய் என்னதான் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். வண்டக்காவுக்கு வாய் வரை வந்தது. எண்ணினோம் என்று சொன்னால் கேட்கிறவளுக்கு என்னவாக இருக்கும் என்று நினைத்து, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

குறுக்கலகுக் குருவிகளின் பேச்சு சரிவில் நின்றுபோனது. காய் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? அணில்களும் கீழ்க்காட்டுக்கு இறங்கிவிட்டன. மரங்கொத்திதான் பெருகியது, பேராசிரியை சொன்னது மாதிரியே. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டல், தட்டல். ஆந்தை மரமும் இரண்டாம் வருடம் செத்தது. ஆந்தை எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கேயாவது போயிருக்கும். சிறகு இருக்கிறதே.

மில்லில் இரண்டு ஷிஃப்ட் ஓடியது. வெளிவட்டத்திலிருந்தும் அக்கம்பக்கத் தோப்புகளிலிருந்தும் நீல மரம் வண்டி வண்டியாக வந்தது. முதலில் வாங்க ஆளில்லாமல் கிடந்தது, பிறகு யாரோ அதில் மேஜை செய்து விற்க, அது நாகரிகமாகிவிட்டது. நீலக் கோடு ஓடும் பலகைக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து தொலைபேசியில், "அம்மா, எங்க ஆபீஸ்ல எல்லா டேபிளும் நீலப் பைன்மா, அவ்வளவு அழகு!" என்றாள். பிறகு சட்டென்று, "ஐயோ, சாரிம்மா" என்றாள்.

"அழகுதான்டி. நானே பாத்திருக்கேன்" என்றாள் இவள்.

மூன்றாம் வருடம் பொறிகளை எடுத்துவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் வண்டு இருக்கும்போது எதைக் கணக்கெடுப்பது என்று மேலே கேட்டார்கள். கேள்வி சரிதான். முப்பத்தாறு பொறிகளையும் அவளே கழற்றி, கழுவி, கிட்டங்கியில் அடுக்கினாள். செத்த மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் விழத் தொடங்கியதால் உள்பாதைகளை மூடினார்கள். ஊழியர்களுக்கும் அனுமதி இல்லை. அவளை நுழைவாயில் டிக்கெட் கவுன்டருக்கு மாற்றினார்கள். "நிழலு, நாற்காலி, ஃபேன், இன்னும் என்ன வேணும்?" என்று கணவன் கிண்டல் செய்து பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அன்று அவனே பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் தேநீர் எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூரத்துச் சரிவு சாம்பலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காததுபோல் தெருவைப் பார்த்தார்கள்.

கவுன்டருக்குப் போன பிறகும் இரண்டு முறை உள்ளே போக அனுமதி கேட்டு எழுதினாள். இரண்டு முறையும், தங்கள் பாதுகாப்பைக் கருதி மறுக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

ஐந்தாம் வருடம் பேராசிரியை வந்தார். அவருக்கு ஆராய்ச்சி அனுமதி உண்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு போய்வரலாம். மூன்று நாள் உள்ளே வேலை செய்துவிட்டு, கிளம்பும்போது கவுன்டருக்கு வந்தார். அன்று விடுமுறை, வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகக் கைபேசியை உள்ளே நீட்டினார்.

"பாருங்க. கன்னுங்க. முழங்கால் உயரம் வந்தாச்சு. சதுர மீட்டருக்கு நாலு, அஞ்சு. பைன் மட்டுமில்ல, வேற மரமும் கலந்து வருது. உங்க நோட்டுங்கள வெச்சுத்தான் நான் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்குறேன். அது இல்லன்னா எதுக்கும் அர்த்தமில்லம்மா."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த சாம்பல் மரங்கள். நடுவில் ஆளுயரப் புல், செடி, இளம் பச்சை. வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் அறிந்த காட்டில் இவ்வளவு வெளிச்சம் எங்கேயும் விழுந்ததில்லை.

"எந்த இடம் மேடம் இது?"

பேராசிரியை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க பள்ளம்தாம்மா. ஆந்தைப் பள்ளம்."

படத்தை விரலால் பெரிதாக்கினாள். நகர்த்தினாள். மேற்கே ஒரு பாறை இருக்கும், ஆமை மாதிரி. அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். பக்கத்தில் எறும்புப் புற்று. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் கசிகிற இடம். எதுவும் தெரியவில்லை. ஒரு விரலை வைத்து, இதுதான் இன்ன இடம் என்று சொல்லும்படி எதுவுமே அந்தப் படத்தில் இல்லை.

"பாறை எங்க மேடம்?"

"பாறையா? நான் பாக்கலையே. விழுந்த மரத்துக்கு அடியில இருக்கும்."

"இருக்கும்" என்றாள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா வந்திருக்கு மேடம் கன்னுங்க. நல்லா வந்திருக்கு."

பேராசிரியை இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் கையசைத்துவிட்டு நகர்ந்தார். அடுத்து நின்றவர் குனிந்து, பெரியவர்கள் இரண்டு, சிறியவர் ஒன்று என்றார். எந்தப் பாதையில் போனால் நல்ல மரங்களைப் பார்க்கலாம் என்று கேட்டார். கீழ்ப்பாதை மட்டும்தான் திறந்திருக்கிறது என்று சொல்லி, வரைபடத்தில் அதைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள்.